அடுத்த அறைக்கும் இணையம்

நகர வீடுகளில் வைஃபை கருவி பெரும்பாலும் கூடத்திலேயே இருக்கிறது. கான்கிரீட் சுவர்களைக் கடக்கும்போது அதன் அலைகள் வலுவிழக்கின்றன. உள்ளறையிலிருந்து பாட்டி, ஊரில் வாழும் தம் தங்கையோடு காணொளியில் பேசினால், முகம் அசையாது நிற்கிறது, குரல் அறுபடுகிறது. “கூடத்திற்கு வந்து பேசுங்கள்” என்பது எளிது. முழங்கால் வலியுள்ளவரை நடக்கவைப்பது முறையா? இணையமே அவரிடம் செல்லவேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் பலர் அலைபெருக்கி வாங்குகின்றனர். ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் அலைபெருக்கியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஈதர்நெட் வடமோ 100 மீட்டர் வரை வேகம் குன்றாது கொண்டுசெல்லும். சுவரோரமாக வடத்தை இழுத்து, உள்ளறையில் மற்றொரு வைஃபை கருவியை அமைப்பதே நன்று. வடம் வீட்டின் அழகைக் கெடுக்கும் என்பர் சிலர். பாட்டியின் பேச்சு தடைப்படாதிருப்பது அதனினும் அழகன்றோ?