தகரக் கூரை சும்மா காயுதுங்க!

பி.காம் படிக்கிறவனுக்கு சோலார்ல என்ன வேலைன்னு கேட்காதீங்க. எப்படியும் கடைசியில கணக்குலதான் வந்து நிக்கப் போகுது.

மங்கலத்துல இருந்து திருப்பூர் போற வழியெல்லாம் தறிக்குடோன், பனியன் கம்பெனி, சாயப்பட்டறை. முக்கால்வாசி தகர ஷீட் கூரைதான். மதியம் அந்த ஷீட்டுக்குக் கீழே நின்னு பார்த்தவங்களுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். அதே கட்டடத்துக்குப் பின்னாடி பாய்லர்ல விறகு எரியும், தண்ணியைச் சூடு பண்ண! மேலே இலவசமா சூடு, கீழே காசு கொடுத்துச் சூடு. என்ன கொடுமை இது?

சோலார்னாலே நமக்கு கரண்ட் பேனல்தான் ஞாபகம் வருது. தறி ஓட்ட அது சரி. ஆனா சாயப்பட்டறைக்கு அதிகமா வேண்டியது வெப்பம். காட்டன் துணியில ரியாக்டிவ் சாயம் ஏற சுமார் 60 டிகிரி போதும். பேனல் வெயில்ல அஞ்சுல ஒரு பங்கைத்தான் கரண்டா மாத்தும். வெப்பமா எடுத்தா பாதி வரைக்கும் கிடைக்கும்.

அதனால நான் சொல்றது இதுதான்: புதுசா கூரை போடும்போதே வெப்பம் எடுக்கிற அமைப்பைக் கூரைக்குள்ளேயே வெச்சுக் கட்டணும். கறுப்பு அடிச்ச தகடு, மேலே கண்ணாடி, அடியில வெப்பம் இறங்காம கிளாஸ்வுல். நடுவுல குழாய் ஓடினா வெந்நீர், ஃபேன் வெச்சு இழுத்தா சூடான காத்து. அதுவே கூரையாவும் இருக்கறதால அந்த இடத்துக்குத் தனியா ஷீட் செலவு இல்ல. உள்ள வேலை செய்யறவங்க தலையிலயும் அனல் இறங்காது.

கனவு காணறேன்னு நினைக்காதீங்க. 1990-கள்லயே நம்ம தமிழ்நாட்டு பிளான்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க், தேயிலைத் தொழிற்சாலைக் கூரையோட சேர்த்து 200 சதுர மீட்டருக்கு மேல இப்படி அமைச்சு, தேயிலை காய வைக்கிற காத்தை முதல்லயே சூடு பண்ணிக் காட்டினாங்க. எரிபொருள்ல சுமார் கால்பங்கு மிச்சம்னு 1998-ல ஆய்வுக் கட்டுரையும் வந்துச்சு. மலையிலயே முடிஞ்சது, இந்த வெயில்ல முடியாதா?

இப்போ கணக்கு. 1000 லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து 60-க்கு ஏத்த 30,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 35 யூனிட் வெப்பம் வேணும். ஒரு சதுர மீட்டர்ல நல்ல வெயில் நாள்ல 2.5 யூனிட் எடுக்கலாம்னு வெச்சா, 14 சதுர மீட்டர் போதும். இதையே பாய்லர்ல செஞ்சா சுமார் 14 கிலோ விறகு. ஆக, ஒரு சதுர மீட்டர் கூரை = ஒரு நாளைக்கு ஒரு கிலோ விறகு. 500 சதுர மீட்டர்னா தினம் அரை டன்! விறகு விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்குங்க.

எல்லாத்துக்கும் இது மருந்து இல்ல. 150 டிகிரிக்கு மேல கேட்கிற ஸ்டென்டருக்கு உதவாது. மழை நாளுக்கும் நைட் ஷிப்டுக்கும் பாய்லர் இருந்தே ஆகணும். ஷெட்டோட இரும்புச் சட்டம் பாரம் தாங்குமான்னு இன்ஜினியரைக் கேட்கணும். வருமான வரியில சோலாருக்கு இருந்த 80% தேய்மானச் சலுகையும் 2017 ஏப்ரல்ல இருந்து 40%-ஆ குறைஞ்சு போச்சு.

ஆனா பெரிய தடை வேற. நிறைய இடத்துல கட்டடம் ஒருத்தருது, பட்டறை இன்னொருத்தருது. கூரைக்குச் செலவு பண்றது ஓனர், விறகு மிச்சம் வாடகைக்காரருக்கு. அப்புறம் ஓனர் ஏன் பண்ணப் போறார்? மிச்சத்துல ஒரு பங்கு ஓனருக்குன்னு வாடகை அக்ரிமென்ட்லயே எழுதிட்டா ரெண்டு பேருக்கும் லாபம். இதுக்கு இன்ஜினியர் வேண்டாம், நம்மள மாதிரி காமர்ஸ்காரங்க போதும் :-)

2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகள் மூடினது ஊருக்கே தெரியும். நொய்யலுக்காக ஜீரோ டிஸ்சார்ஜ் வந்துச்சு, நல்லதுதான். ஆனா கடைசியா மிஞ்சற உப்புத்தண்ணியைச் சுண்ட வைக்கிற எவாப்பரேட்டருக்கும் நீராவி வேணும், அதுக்கும் எங்கேயோ மரம் எரியுது. ஆத்தைக் காப்பாத்த மரத்தைக் கொடுக்கறது நல்ல வியாபாரமா?

ஷீட் ஒரு தடவை ஏறிட்டா இருபது வருஷத்துக்கு யாரும் பிரிக்க மாட்டாங்க. அதனால கேட்க வேண்டிய நேரம் பூமி பூஜைக்கு முன்னாடி. உங்க வீட்லயோ சொந்தத்துலயோ யாராவது புது ஷெட் போடறாங்களா? இந்தக் கணக்கை ஒரு தடவை காட்டுங்க. தப்பு இருந்தா திட்டுங்க, திருத்திக்கிறேன்!