விருப்பமின்றி முடிசூடிய வேந்தன்

குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவனுக்குக் கலை எதற்கு என்று வினவுவோர் நம்மிடையே இன்றும் உளர். அன்னார்பொருட்டே இம்மாதம் ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம்.

அதற்கு இசையமைத்த எமானுவேல் ஷாப்ரியே சட்டம் பயின்றவர். 1861-இல் பாரிஸ் மாநகரின் உள்நாட்டு அமைச்சகத்தில் எழுத்தர் பணியில் அமர்ந்தார். பகலில் கோப்பு, இரவில் பியானோ என 19 ஆண்டுகள் கழிந்தன. 1880-இல் மியூனிக் நகரில் வாக்னரின் 'திரிஸ்தானும் ஈசோல்டாவும்' கேட்டார். அவ்வாண்டிலேயே வேலையைத் துறந்தார். மனைவி மக்கள் உடையவர், வயதோ 39. சம்பள நாளை எண்ணி வாழும் எமக்கு, இதை எழுதும்போதே கை சற்று நடுங்குகிறது!

1886-இல் அவருடைய 'குவெந்தொலீன்' பிரஸ்ஸல்ஸில் அரங்கேறியது. இரண்டே காட்சிகள், அரங்க நிர்வாகி திவாலானார். மனந்தளராது மறு ஆண்டே 'லெ ருவா மால்க்ரே லுய்' என்பதை முடித்தார். விருப்பமின்றியே மன்னனானவன் என்பது அதன் பொருள்.

கதை 1574-இல் நிகழ்வது. போலந்து நாட்டார் தம் அரசனாகத் தேர்ந்துகொண்ட பிரெஞ்சு இளவரசன் ஆன்ரி, கிராக்கோவ் நகரின் குளிரில் தாய்நாட்டை எண்ணி ஏங்குகிறான். தன்னை நாட்டைவிட்டுத் துரத்தச் சிலர் சதி செய்வதறிந்து, மாறுவேடத்தில் தானும் அச்சதியிற் சேர்ந்துகொள்கிறான்! ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர்க்கு அவ்வேக்கம் புதிதன்று. நாடகத்தில் அவன் முடிவில் போலந்திலேயே அரசனாகிறான். மெய் வரலாற்றிலோ, தமையன் இறந்த செய்தி கேட்டதும் இரவோடிரவாக ஓடிப்போய்ப் பிரான்சின் மூன்றாம் ஆன்ரியானான். கதைப்பின்னல் பெருஞ்சிக்கல் என்பதை மறைப்பதற்கில்லை. இசைதான் அதனைத் தாங்கி நிற்கிறது.

1887 மே 18-இல் பாரிஸ் ஒப்பேரா கொமிக் அரங்கில் நாடகம் அரங்கேறியது. மூன்று காட்சிகள் நடந்தன. மே 25-இல் அதே அரங்கில் தோமாவின் 'மின்யோன்' நடந்துகொண்டிருக்கையில், மேடைமேல் எரிந்த வாயு விளக்கின் தீ திரைச்சீலையைப் பற்றிற்று. 84 பேர் மாண்டனர். அத்தனை உயிர்கள் மடிந்த இடத்தில் ஒரு நாடகம் நின்றுபோனதைப் பெரிதாகப் பேசுவது முறையன்று. ஷாப்ரியேயின் உழைப்பும் அன்று முடங்கியது என்று மட்டும் சொல்வோம்.

நவம்பரில் வேறோர் அரங்கில் மீண்டும் நடித்தனர். 1890-இல் பெலிக்ஸ் மோட்டல் என்பார் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அதனை ஏற்றினார். 1894-இல் ஷாப்ரியே 53 வயதில் காலமானார். பிற்காலத்தில் ராவெல் இந்நாடக இசையின்மீது அளவற்ற பற்றுக் கொண்டிருந்தார். 1929-இல் வசனங்களைத் திருத்தி ஒப்பேரா கொமிக்கில் மீண்டும் மேடையேற்றினர்; 1984-இல் முழுமையாக இசைத்தட்டில் பதிவாயிற்று.

எரிந்த இடத்திலேயே 1898-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 2009-இல் லோரான் பெல்லியின் இயக்கத்தில், அந்த மேடையிலே ஆன்ரி மறுபடியும் தனக்கெதிராகத் தானே சதி செய்தான்.