ஆபரேஷனுக்குப் பிறகும் டியூப் உண்டு

முதுகுத்தண்டு மூடாமல் பிறந்து, சிறுநீரை அடக்க முடியாமல், டியூப் போட்டு அதை வடிக்க வேண்டியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: “ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா டியூப் தொல்லை விட்டுடும்.” பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது உண்மையல்ல, நம்பினால் ஆபத்தும்கூட.

சிறுநீர்ப்பையைப் பெரிதாக்கும் அறுவையில், சிறுகுடலின் ஒரு துண்டை விரித்துப் பையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். பையின் உள்ளழுத்தம் குறைவதால் சிறுநீரகம் தப்பிக்கிறது. ஆனால் அந்தப் பையால் தானாகச் சுருங்கிச் சிறுநீரை முழுதாக வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு வடிக்காவிட்டால் குடல் சுரக்கும் சளி தேங்கிக் கல்லாகலாம். நிரம்பிய பை கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

“பையின் கசியும் வாயை இறுக்கிவிட்டால் போதாதா?” பைக்குள் அழுத்தம் அதிகமிருக்கும்போது வாயை மட்டும் இறுக்கினால் அந்த அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். உடை நனையாததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை செய்யாமல் இந்த அறுவைக்குச் சம்மதிக்கவே கூடாது.

டியூப் போட்டால் கிருமி ஏறும் என்ற பயத்துக்கு 1972-லேயே அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ் பதில் சொல்லிவிட்டார். கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும். பையை நேரத்துக்கு வடிப்பதுதான் முக்கியம்.

“வயிற்றில் ஓட்டையா?” என்று அஞ்சுகிறவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். 1980-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் மித்ரோஃபனாஃப், குடல்வாலைக் கொண்டே வயிற்றுத் தோலிலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு வழி அமைத்ததை வெளியிட்டார். அந்த வழியின் வாயைத் தொப்புளுக்குள் மறைத்தும் வைக்கலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவளைப் படுக்கவைத்து டியூப் போட அம்மா பள்ளிக்கு வரவேண்டியிருக்கும். இந்த வழி இருந்தால், உட்கார்ந்தபடியே அவளே போட்டுக்கொள்ளலாம். சிலருக்கு அந்த வாய் சுருங்கி மறுபடி சரிசெய்ய நேரும். அப்படியும் அந்தத் தன்னுரிமை பெரிது.

அறுவையே நோயைத் தீர்க்கும் இடமும் உண்டு. ஒழுங்காகச் சிறுநீர் கழித்தும் நாள் முழுக்கச் சொட்டும் சிறுமிக்கு, சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் இடம் மாறித் திறந்திருக்கலாம். அவள் விஷயத்தில் “வளர்ந்தால் சரியாகும்” என்று காத்திருப்பது வீண்.

மற்ற பிள்ளைகளின் பெற்றோரே, அறுவைக்குக் கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: அறுவைக்குப் பிறகு எத்தனை மணிக்கொரு முறை டியூப் போடவேண்டும், அதை என் பிள்ளையே செய்ய முடியுமா?