மிஷினும் இளையராஜாவும்
எங்கள் தெருமுனைத் தையல்கடையில் துணி வெட்டும்போது பாட்டு கிடையாது. தைக்க உட்கார்ந்தால்தான் இளையராஜா. தையலைப் பிரித்துப் போடலாம், கத்தரி போன இடத்தை ஒட்டவைக்க முடியுமா என்பது அங்கே தைக்கும் அக்காவின் நியாயம். பக்கத்தையல், ஹெம்மிங், காஜா எல்லாம் கை தானாகச் செய்துவிடும் வேலை, அங்கே பாட்டு தாராளமாக ஓடும். பிளவுஸுக்குக் கை வைக்கும் கட்டம் வந்தால் சத்தம் குறைந்துவிடும். 1940இல், போர்க்காலத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்று ஒரு வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கிய பிபிசிக்கும், பாட்டு கவனத்தைக் கலைத்துவிடுமோ என்ற இந்தக் கவலை இருந்தது. நடுநடுவே கைதட்டவைக்கும் ஓர் அமெரிக்கப் பாட்டை அதில் போடக்கூடாது என்று தடுத்தே விட்டார்கள். கேட்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டுத் தாளம் போடுவார்களாம்! என்னைக் கேட்டால், வேலைக்கு ஆகாதது புதுப்பாட்டுதான். மிஷின் கடகடக்கும்போது பாதி சரணம் காதிலேயே விழாது. விழாத வரிகளை அக்கா வாய்க்குள்ளேயே பாடி நிரப்பிக்கொள்கிறார். பல வருடம் கேட்டுத் தேய்ந்த பாட்டில்தான் அது நடக்கும். புதுசு என்றால் காதைக் கொடுத்தாக வேண்டும், ஊசி கோணிக்கொள்ளும். இப்போது பாட்டெல்லாம் செல்போனில். இடையில் விளம்பரம் குதித்தால் மட்டும் மிதியிலிருந்து காலை எடுத்து முறைக்கிறார். மாதாமாதம் காசு கட்டினால் விளம்பரம் வராதே என்றேன். “அந்தக் காசுக்கு நூல்கண்டு வாங்கிப் போடுவேன், நீங்க வேற” என்று பாபினை மாட்டினார்.