வீடியோ பார்க்காமலே டேட்டா காலியாகிறதா? போனில் இதை மாற்றுங்கள்!

மாலை ஆறு மணி. காய்கறிக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு நிற்கிறீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்த்தால், அன்றைய 1.5 ஜி.பி. டேட்டா எப்போதோ தீர்ந்திருக்கிறது. 'இன்னிக்கு ஒரு வீடியோகூட பார்க்கலையே!' என்று குழம்புகிறீர்களா? நீங்கள் பார்க்கவில்லைதான். ஆனால், உங்கள் போன் சும்மா இருக்கவில்லை.

ஒரு ஆப்பை விட்டு நீங்கள் வெளியே வந்த பிறகும் அது பின்னணியில் வேலை செய்யலாம். போட்டோக்களை பேக்கப் எடுக்கும், அப்டேட்களை இறக்கும். இதற்குச் செலவாவதுதான் 'பேக்கிரவுண்ட் டேட்டா'. ஒரு போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொண்டாலும், கல்யாண வீட்டில் எடுத்த 100 போட்டோக்கள் பேக்கப் ஆக 300 எம்.பி. போய்விடும். 1.5 ஜி.பி.யில் இது ஐந்தில் ஒரு பங்கு!

பல தினசரி பிளான்களில் டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் 3 எம்.பி. போட்டோ ஒன்று இறங்கவே ஆறு நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

முதலில் கண்டுபிடியுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று, 'டேட்டா யூசேஜ்' பகுதியைத் திறங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். எந்த ஆப் எவ்வளவு டேட்டா செலவழித்தது என்று அங்கே வரிசையாக இருக்கும். முதலிடத்தில் இருப்பதைத் தொட்டால், பின்னணியில் எவ்வளவு போனது என்பதும் தெரியும். அவசியமில்லாத ஆப் என்றால், அங்கேயே 'பேக்கிரவுண்ட் டேட்டா'வை ஆஃப் செய்யுங்கள்.

இந்த மூன்றையும் பாருங்கள்

* கூகுள் போட்டோஸ்: பேக்கப் செட்டிங்ஸில், மொபைல் டேட்டாவில் பேக்கப் எடுப்பதை நிறுத்துங்கள்.
* பிளே ஸ்டோர்: 'ஆட்டோ அப்டேட்'டை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள்.
* வாட்ஸ்அப்: 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில், மொபைல் டேட்டாவில் தானாக டவுன்லோடு ஆகும் போட்டோ, வீடியோ எல்லாவற்றுக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். குரூப்பில் வரும் 'குட் மார்னிங்' படங்கள் நீங்கள் தொட்டால்தான் இறங்கும்.

ஐபோனில், செட்டிங்ஸ் - ஜெனரல் - 'பேக்கிரவுண்ட் ஆப் ரீஃப்ரெஷ்' சென்று 'வைஃபை' என்பதைத் தேர்வு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை

மொத்தமாகக் கட்டுப்படுத்த ஆண்ட்ராய்டில் 'டேட்டா சேவர்' இருக்கிறது. ஆனால், அதை ஆன் செய்தால் மெசேஜ்கூட தாமதமாக வரலாம். அதனால் வாட்ஸ்அப், ஆபீஸ் மெயில் போன்றவற்றுக்கு மட்டும் 'அன்ரெஸ்ட்ரிக்டட் டேட்டா' பகுதியில் விலக்கு கொடுங்கள். பேங்க் ஓ.டி.பி. பற்றிக் கவலை வேண்டாம். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டேட்டா தேவையில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அம்மா அப்பாவின் போனிலும் இதைச் செய்து கொடுங்கள். இரவு பேரப் பிள்ளைகளை வீடியோ காலில் பார்க்க அவர்களுக்கு டேட்டா மிச்சமிருக்கும்!