நேரத்துக்கு ஒரு செயற்கைக்கோள் போதும்

இந்தியாவின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு ‘நாவிக்’. தூத்துக்குடி விசைப்படகுக்காரருக்கு அது படகு நிற்கும் இடத்தைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் பெட்டி. கரையில் அதனால் ஆகும் இன்னொரு வேலையை நாம் கண்டுகொள்ளவே இல்லை. அது நேரம்.

கப்பல்கள் தம்மை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவிகள் முறைவைத்துப் பேசுவதும், மின்தொகுப்பில் பழுது எந்த நொடித்துகளில் தொடங்கியது என்று அறிவதும் செயற்கைக்கோள் தரும் நேரத்தை நம்பித்தான். அந்த நேரம் பெரும்பாலும் அமெரிக்க ஜிபிஎஸ்ஸுடையது. 2016 ஜனவரி 26 அன்று, பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்த வேளையில், ஜிபிஎஸ் தந்த உலக நேரம் சுமார் 13 மைக்ரோநொடி பிசகியது. இடத்தைச் சரியாகவே காட்டியது. அதனால் சாலையில் போனவர் யாரும் உணரவில்லை. பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள்தான் மணிக்கணக்கில் அலறின.

‘நாவிக்கே தள்ளாடுகிறதே’ என்பார்கள். மறுப்பதற்கில்லை. முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் நின்றுபோயின. 2025 ஜனவரியில் ஏவிய புதிய நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் இடம் அறியத்தான் நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஆன்டெனா நிற்கும் இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்திருந்தால், நேரத்துக்கு ஒன்றே போதும். துறைமுகக் கட்டடமோ அனல்மின் நிலையமோ நகர்ந்து போவதில்லையே! அதே செயற்கைக்கோளை அதே கணத்தில் இந்திய நேரத்தைப் பேணும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் நோக்கினால், இரு அளவீடுகளுக்கும் பொதுவான பிழை கழிந்துபோகும். இரு கடிகாரங்களையும் சில நானோநொடிக்குள் ஒப்பிட்டுவிடலாம்.

வானத்துச் சமிக்ஞை மெலிந்தது. நாவிக்கையும் முடக்க முடியும். எனவே கண்ணாடி இழை போன்ற தரைவழியும் தேவை. இந்திய நேரத்தைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. நேரத்தைப் பரப்பத் தேர்ந்த ஐந்து ஆய்வகங்கள் அகமதாபாத், பெங்களூரு, புவனேஸ்வர், ஃபரிதாபாத், குவாஹாட்டியில் உள்ளன. தமிழகத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் நாட்டின் ரயில்களே சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பார்த்து ஓடின என்பதைத் தில்லிக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்குத் துல்லியக் கடிகாரம் எப்படியும் வந்தாக வேண்டும். அந்த நேரத்தைக் கண்ணாடி இழை வழியே தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கொண்டுவரும் செலவை, ஏவுதளக் கட்டுமானத் திட்டத்திலேயே இப்போதே சேர்க்க வேண்டும். துறைமுகம் இனி வாங்கும் நேரக் கருவிகள் நாவிக்கையும் ஏற்பவையாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடலாம். அதற்குத் தில்லியின் விதிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.