காந்தப் பள்ளிக்கூடமா? சல்லடைப் பள்ளிக்கூடமா?

அமெரிக்காவில் காந்தப் பள்ளிக்கூடம் என்பதாக ஒருவகைப் பொதுப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. வைத்தியம், விஞ்ஞானம் முதலிய ஏதாவதொரு துறையில் விசேஷப் பயிற்சி கொடுத்து, ஊரின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளையும் காந்தம்போல் இழுப்பதால் அந்தப் பெயர் வந்தது. வெள்ளையர் பிள்ளைகள் ஒரு பள்ளியிலும் கறுப்பர் பிள்ளைகள் வேறு பள்ளியிலுமாகப் பிரிந்து கிடந்த அக்கிரமத்தை உடைப்பதற்காகவே 1968-ம் வருஷம் முதல் அவை ஏற்பட்டன. இடத்திற்கு மேல் பிள்ளைகள் வந்தால் பல ஊர்களில் திருவுளச் சீட்டுப் போட்டுச் சேர்த்துக் கொள்ளுகிறார்கள். அதில் எந்தத் திருவுளமும் இல்லை, வெறும் சீட்டுத்தான்!

சுகாதாரத்தையும் விஞ்ஞானத்தையும் பிரதானமாகக் கொண்ட அப்படியொரு பள்ளிக்கூடம் தாம்பரத்தில் வேண்டும் என்கிறோம். ஏன் தாம்பரம்? 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே க்ஷயரோக ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார். 1937-ல் சர்க்கார் அதை எடுத்துக் கொண்டது. அதே வருஷம் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்தது. 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. ரயில் ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்றுதான் பெயர். இவ்வளவும் இருந்தும், பல்லாவரத்தில் தோல் பதனிட்டவன் பிள்ளையும், திரிசூலத்தில் கல்லுடைத்தவன் பிள்ளையும் இந்த மதில்களுக்கு வெளியே நின்று பார்ப்பதல்லாமல், உள்ளே போய் ஒரு பூதக்கண்ணாடியில் கிருமியைப் பார்க்க வழி செய்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

க்ஷயம் முன்ஜென்ம பாவம் என்றார்கள். அது ஒரு கிருமி என்று 1882-ல் ராபர்ட் காக் காட்டிவிட்டார். நோயாளியை ஊருக்கு வெளியே வைத்தால்தான் குணமாகும் என்றார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகள் தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959-ல் தெரிந்து, உலகமே தன் வைத்திய முறையை மாற்றிக் கொண்டது. எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே பலரும் அஞ்சிய காலத்தில், 1993 முதல் அவர்களுக்குப் படுக்கை கொடுத்தது இந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரிதான். ஆகவே விஞ்ஞானம் செய்த வேலை ஒதுக்கி வைப்பதை ஒழித்ததேயாகும். அந்த விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் பள்ளியே பிள்ளைகளை ஒதுக்கலாமா?

"யோக்கியதை பார்க்க வேண்டாமா? பரீட்சை வைத்துக் கெட்டிக்காரர்களைப் பொறுக்கினால் என்ன?" என்பார்கள். 2022 செப்டம்பர் 5-ந் தேதி நம் மாகாணத்தில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஏழைப் பிள்ளை பெரிய கல்லூரிக்குப் போவதைக் குறை சொல்ல நமக்குப் பைத்தியமா? ஆனால் பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்றால், மிச்சப் பிள்ளைகளுக்கு என்ன பதில்? பரீட்சை மார்க்குத்தான் யோக்கியதை என்பது உண்மையானால், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவிகிதம் ஒதுக்க 2020-ல் சட்டம் செய்யவேண்டி வந்ததேன்? நீதிபதி கலையரசன் கமிட்டி 10 சதவிகிதம் வேண்டும் என்றதேன்? ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனவனும் போகாதவனும் ஒரே கோட்டில் நின்று ஓடவில்லை என்பதுதானே காரணம்! அந்தச் சல்லடையை ஆறாம் வகுப்பு வாசலிலேயே தொங்கவிட்டால், அது காந்தமாகுமா?

அன்றியும், எல்லோரும் டாக்டர் ஆவதற்காக இந்தப் பள்ளி கேட்கவில்லை. இருமலோடு இருக்கும் தகப்பனுக்குத் தாயத்துக் கட்டாமல் சளியைச் சோதிக்கச் சொல்லவும், மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி அதற்கு அடங்காமல் போய்விடும் என்று வீட்டில் எடுத்துச் சொல்லவும் ஒரு பிள்ளை இருந்தால் போதும். அந்தக் குடும்பம் பிழைக்கும். இந்த அறிவு முதல் மார்க்கு வாங்கும் பிள்ளைக்கு மட்டும் வேண்டியதா? கடைசி மார்க்கு வாங்கும் பிள்ளையின் தகப்பனுக்கு இருமல் வராதா?

ஆதலால் தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். தாம்பரத்தில் பள்ளி வேண்டும், சோதனைச்சாலை வேண்டும், ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும், வாசலில் பரீட்சை கூடாது, சீட்டுத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு ஊர் கூடி வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு பூதக்கண்ணாடி கேட்க வாய் வராதா?